கன்ட்ரியா, ராக்கா, ஃபோக்கா? லூசிண்டா வில்லியம்ஸின் 1998 ஆல்பமும் கிராமியின் புதிய பிரிவினையும்

கிராமி விருதுகளில் 'சிறந்த கன்ட்ரி ஆல்பம்' என்று ஒரே பிரிவாக இருந்ததை, அமெரிக்காவின் ரெக்கார்டிங் அகாடமி 2025 ஜூனில் இரண்டாகப் பிரித்து அறிவித்தது. இனி மரபுவழி கன்ட்ரிக்கு ஒரு விருது, சமகால கன்ட்ரிக்கு ஒரு விருது. அதற்கு நான்கு மாதங்களுக்கு முன், பிப்ரவரி 2 அன்று, பியான்சேயின் 'கௌபாய் கார்ட்டர்' ஆல்பம் கன்ட்ரிக்கான அந்த ஒரே விருதையும், ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான விருதையும் சேர்த்துப் பெற்றிருந்தது. கன்ட்ரி ஆல்பத்துக்கான விருதை ஒரு கறுப்பினக் கலைஞர் வென்றது அதுவே முதல்முறை. ஆனால் அதே ஆல்பத்துக்கு 2024 செப்டம்பரில் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனின் பரிந்துரைப் பட்டியலில் ஓர் இடம்கூடக் கிடைத்திருக்கவில்லை. ஓர் அமைப்பு அந்த ஆண்டின் தலைசிறந்த கன்ட்ரி என்று முடிசூட்டியதை, கன்ட்ரிக்கென்றே இருக்கும் அமைப்பு கண்டுகொள்ளவே இல்லையென்றால், கன்ட்ரி என்பதுதான் என்ன என்று வாசகர்கள் குழம்புவதில் வியப்பில்லை.

இந்தக் குழப்பம் புதியதன்று. இதை விளங்கிக்கொள்ள, விவாதத்தின் சூடு ஆறாத 'கௌபாய் கார்ட்டர்' ஆல்பத்தைவிட, 1998 ஜூன் 30 அன்று வெளியான வேறோர் ஆல்பம் நமக்கு நன்றாக உதவும். அது லூசிண்டா வில்லியம்ஸ் என்ற பாடகி பெரும்பாலும் தாமே எழுதிப் பாடிய 'கார் வீல்ஸ் ஆன் எ கிராவல் ரோடு'. சரளைச் சாலையில் கார்ச் சக்கரங்கள் என்பது அதன் பொருள். இவர் பெற்ற மூன்று கிராமி விருதுகளும் மூன்று வெவ்வேறு பிரிவுகளில் வந்தவை: 1994-இல் கன்ட்ரி, 1999-இல் ஃபோக், 2002-இல் ராக். இந்த மூன்று விருதுகளுக்கும் இடையில் அவர் தம் பாட்டின் அடிப்படையை மாற்றிக்கொண்டதாக யாரும் சொல்ல முடியாது. மாறியது பெயர்ப்பலகைதான்.

முதலில் சில சொற்கள்

கன்ட்ரி என்பது அமெரிக்காவின் தென்மாநிலங்களில், நாட்டுப்புறங்களில் வளர்ந்த பாட்டு. பிடில், பான்ஜோ, கிட்டார், மாண்டலின் ஆகியவை அதன் தொடக்ககாலக் கருவிகள். இழுத்து நெகிழும் ஒலி தரும் ஸ்டீல் கிட்டார் பின்னர் வந்து சேர்ந்தது. இதை வெள்ளையரின் இசை என்று சொல்லும் வழக்கம் உண்டு. ஆனால் பான்ஜோவே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் உருவாக்கிய கருவி.

ராக் 1950-களில் கறுப்பின மக்களின் ரிதம் அண்ட் புளூஸ், கன்ட்ரி ஆகிய இரண்டும் கலந்து பிறந்தது. மின் கிட்டாரும், இரண்டாம் நான்காம் தட்டுகளில் அழுத்தம் கொடுக்கும் டிரம் தாளமும் அதன் அடையாளம். ஃபோக் என்றால் நாட்டார் பாடல். ஆனால் 1960-களுக்குப் பிறகு, கிட்டாரும் கையுமாகச் சொந்தப் பாடல்களைப் பாடுபவர்களும் அந்தப் பெயருக்குள் அடக்கப்பட்டார்கள். தாமே எழுதி, தாமே மெட்டமைத்து, தாமே பாடுபவரை சிங்கர்-சாங்ரைட்டர் என்கிறார்கள். இது ஓர் இசைவகையின் பெயரன்று, வேலைமுறையின் பெயர். வகைப்படுத்துவோருக்கு இவர்கள் தலைவலியாக அமைவதற்கு அதுவே காரணம்.

கோடு கிழித்தவர்கள் யார்

இசைவகைகள் தாமாக முளைத்தவை என்று நாம் எளிதாக நினைத்துக்கொள்கிறோம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

1. 1920-களில் இசைத்தட்டு நிறுவனங்கள் தென்மாநிலப் பாடகர்களைப் பதிவு செய்யத் தொடங்கின. ஓகே நிறுவனம் 1923-இல் அட்லாண்டாவில் பிடில் கலைஞர் ஜான் கார்சனைப் பதிவு செய்தது. அந்தத் தட்டு எதிர்பாராமல் விற்றது. அதன்பின் நிறுவனங்கள் கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகளை 'ரேஸ்' என்றும், வெள்ளையர்களின் நாட்டுப்புறத் தட்டுகளை 'ஹில்பில்லி' என்றும் தனித்தனி விற்பனைப் பட்டியல்களாக அச்சிட்டன. ஒரே ஊரில், ஒரே பாடல்களைப் பாடியவர்கள்கூட நிறத்தை வைத்து இரண்டு பட்டியல்களில் பிரிந்து நின்றார்கள்.

2. கலைஞர்கள் அந்தக் கோட்டை மதித்து நடந்துகொள்ளவில்லை. கன்ட்ரியின் தந்தை எனப்படும் ஜிம்மி ராட்ஜர்ஸ் 1930 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸில் பதிவு செய்த 'புளூ யோடல் நம்பர் 9' பாடலில் ட்ரம்பெட் வாசித்தவர் லூயி ஆம்ஸ்ட்ராங்.

3. அமெரிக்க இசைத்துறையின் பில்போர்டு இதழ் 1949-இல் தன் தரவரிசைகளின் பெயர்களை மாற்றியது. 'ரேஸ்' என்பது ரிதம் அண்ட் புளூஸ் ஆனது. நாட்டுப்புறப் பட்டியல் கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன் ஆனது. பெயரில் இருந்த இழிவு போயிற்று, எல்லைக்கோடு அப்படியே இருந்தது.

4. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1954 ஜூலையில், எல்விஸ் பிரெஸ்லியின் முதல் தட்டு சன் நிறுவனத்திலிருந்து வந்தது. ஒரு பக்கத்தில் கறுப்பினப் பாடகர் ஆர்தர் க்ருடப்பின் புளூஸ் பாடல், மறுபக்கத்தில் வெள்ளையரான பில் மன்ரோவின் புளூகிராஸ் என்ற கன்ட்ரி வகைப் பாடல். ஒரே தட்டின் இரு முகங்களில் அந்த இரண்டு பட்டியல்களும் முதுகோடு முதுகு ஒட்டியிருந்தன.

ஆகவே கன்ட்ரியும் ராக்கும் கலப்பதை ஒரு புதுமை என்று பாராட்டுவதைவிட, அவை ஏன் பிரித்து வைக்கப்பட்டன என்று கேட்பதே சரியான தொடக்கம்.

வானொலிக்கு ஏன் இந்தக் கோடு தேவை

அமெரிக்காவின் வணிக வானொலி நிலையங்கள் பாடல்களை விற்பதில்லை. விளம்பரதாரர்களிடம் கேட்போரைத்தான் விற்கின்றன. இன்ன வயதினர், இன்ன ஊரினர், இன்ன பழக்கமுள்ளவர்கள் எங்கள் நிலையத்தைக் கேட்கிறார்கள் என்று உறுதி சொல்ல வேண்டுமானால், நாள் முழுதும் ஒரே தன்மையுள்ள பாடல்கள் ஒலிக்க வேண்டும். இதற்கு ஃபார்மேட் என்று பெயர். எனவே ஒரு பாடல் தட்டு நிறுவனத்தின் மேசைக்கு வந்ததும், நன்றாக இருக்கிறதா என்ற கேள்விக்கு முன்பே, எந்த நிலையம் இதைப் போடும் என்ற கேள்வி வந்து நின்றுவிடுகிறது.

இன்றைய செய்திகளில் வரும் முரண்பாடான எண்களுக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. பில்போர்டின் 'ஹாட் கன்ட்ரி சாங்ஸ்' பட்டியல் 2012 அக்டோபர் முதல் விற்பனை, இணையவழிக் கேட்பு, எல்லாவகை வானொலி ஒலிபரப்பு ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிடுகிறது. 'கன்ட்ரி ஏர்பிளே' பட்டியலோ கன்ட்ரி நிலையங்கள் போட்டதை மட்டும் எண்ணுகிறது. பியான்சேயின் 'டெக்சஸ் ஹோல்ட் எம்' 2024-இல் முதல் பட்டியலில் 1-ஆம் இடத்தைப் பிடித்தது. இரண்டாவதில் 33-ஐத் தாண்டி மேலே போகவில்லை. கேட்பவர்கள் ஏற்றார்கள், வாயிற்காவலர்கள் தயங்கினார்கள் என்பதை இந்த இரண்டு எண்களும் சொல்லிவிடுகின்றன. இதற்கு முன் 2019 மார்ச்சில் கறுப்பின ராப் பாடகர் லில் நாஸ் எக்ஸின் 'ஓல்ட் டவுன் ரோடு' பாடலைக் கன்ட்ரிப் பட்டியலிலிருந்து பில்போர்டே நீக்கியது. அந்தப் பாடல் பொதுப்பட்டியலில் 19 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது.

இரண்டு ஊர்களும் கைவிரித்த பாடகி

லூசிண்டா வில்லியம்ஸ் 1953 ஜனவரி 26 அன்று லூசியானா மாநிலத்தின் லேக் சார்ல்ஸில் பிறந்தவர். தந்தை மில்லர் வில்லியம்ஸ் கவிஞர், இலக்கியப் பேராசிரியர். 1997-இல் பில் கிளிண்டனின் இரண்டாம் பதவியேற்பு விழாவில் கவிதை வாசித்தவர். தந்தையின் பணி மாறமாறக் குடும்பம் தென்மாநிலங்களில் ஊர் ஊராகக் குடிபெயர்ந்தது. வீட்டில் ஒருபுறம் ஹாங்க் வில்லியம்ஸின் கன்ட்ரிப் பாடல்கள், மறுபுறம் கவிஞர்களின் பேச்சு. 1965-இல் தந்தையின் மாணவர் ஒருவர் கொண்டுவந்த பாப் டிலனின் புதிய தட்டு, இந்த இரண்டையும் ஒரே பாட்டில் சேர்க்கலாம் என்று அந்தப் பன்னிரண்டு வயதுச் சிறுமிக்குக் காட்டியது.

1979-லும் 1980-லும் ஃபோக்வேஸ் நிறுவனத்துக்கு இரண்டு ஆல்பங்கள் செய்தபின், அவர் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு பெரிய நிறுவனத்துக்காக மாதிரிப் பதிவுகள் செய்தார். அங்கிருந்தவர்கள் ராக்குக்கு இது மிகவும் கன்ட்ரி என்றார்கள். பதிவு, கன்ட்ரித் தொழிலின் மையமான நாஷ்வில் நகர அலுவலகத்துக்குப் போனது. அங்கே, கன்ட்ரிக்கு இது மிகவும் ராக் என்றார்கள். கடைசியில் 1988-இல் அவருடைய ஆல்பத்தை வெளியிட முன்வந்தது ரஃப் டிரேட் என்ற, பங்க் இசைக்குப் பேர்போன பிரிட்டிஷ் நிறுவனம். இந்த இரண்டு வாசல்களிலும் சரியாகப் பொருந்தவேண்டிய கட்டாயம் அதற்கு இல்லாததால்தான் அது சாத்தியமாயிற்று என்றே நான் கருதுகிறேன்.

அந்த ஆல்பத்தில் 'பேஷனெட் கிஸ்ஸஸ்' என்று ஒரு பாடல். வசதியான படுக்கை, வயிறு நிறையச் சாப்பாடு, மை தீராத பேனாக்கள், யோசிக்கக் கொஞ்சம் அமைதி, அதோடு முத்தங்கள் எனத் தன் வாழ்வுக்கு வேண்டியவற்றை ஒரு பெண் கூச்சமில்லாமல் பட்டியலிடும் பாடல் அது. 1988-இல் கன்ட்ரி வானொலி அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. கன்ட்ரி வானொலியில் ஏற்கெனவே இடம்பிடித்திருந்த மேரி சாபின் கார்பென்டர் அதையே பாடியபோது, 1993-இல் கன்ட்ரித் தரவரிசையில் 4-ஆம் இடம் வரை ஏறியது. மறுவருடம் சிறந்த கன்ட்ரிப் பாடலுக்கான கிராமியை, அதை எழுதியவர் என்ற முறையில் லூசிண்டா பெற்றார். சொற்கள் அவையே, மெட்டும் அதுவே. பாடல் எந்த வாசல் வழியாக வந்தது என்பதே அது கன்ட்ரியா இல்லையா என்பதைத் தீர்மானித்தது.

ஓர் ஆல்பத்துக்கு மூன்று முறை அடித்தளம்

'கார் வீல்ஸ்' ஆல்பத்துக்கும் அதற்கு முந்தைய 'ஸ்வீட் ஓல்ட் வேர்ல்ட்' ஆல்பத்துக்கும் இடையில் ஆறு ஆண்டு இடைவெளி. 1995-இல் டெக்சஸின் ஆஸ்டினில், நெடுநாள் துணைவரான கிட்டார் கலைஞர் கர்ஃப் மோர்லிக்ஸின் தயாரிப்பில் வேலை தொடங்கியது. பதிவு பெருமளவு முடிந்தபின், பாடகர் ஸ்டீவ் எர்லின் ஆல்பத்தில் ஒரு பாடலுக்குத் துணைக்குரல் கொடுக்கப் போன லூசிண்டா, எர்லும் அவருடைய தயாரிப்புக் கூட்டாளி ரே கென்னடியும் பழைய அனலாக் கருவிகளில் லூசிண்டாவின் குரலைப் பதிவு செய்திருந்த விதத்தைக் கேட்டார். குரல் காதருகே வந்து பேசுவதுபோல் இருந்த அந்த ஒலியே தமக்கு வேண்டியது என்று முடிவு செய்து, நாஷ்வில்லில் எல்லாவற்றையும் முதலிலிருந்து பதிவு செய்தார். மோர்லிக்ஸ் விலகினார். பின்னர் ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீனின் குழுவில் கீபோர்டு வாசிக்கும் ராய் பிட்டன் லாஸ் ஏஞ்சலிஸில் அக்கார்டியன், ஆர்கன் போன்ற மேற்சேர்க்கைகளைச் செய்து முடித்தார். இசைத் தயாரிப்பாளர் ரிக் ரூபினின் நிறுவனத்துக்காகத் தொடங்கிய ஆல்பம், இறுதியில் மெர்குரி நிறுவனத்தின் வெளியீடாக வந்தது.

இந்தத் தாமதத்தை அன்றைய பத்திரிகைகள் அவருடைய பிடிவாதம் என்று எழுதின. ஆணாக இருந்திருந்தால் இதே பண்பை நுட்பம் என்று புகழ்ந்திருப்பார்கள் என்று அவருக்காக வாதாடியவர்கள் சொன்னது நியாயமான பேச்சு. ஆனால் நம் பொருளுக்கு முக்கியமானது வேறு. டெக்சஸின் பாடகர் மரபு, நாஷ்வில்லின் ஒலிக்கூடம், ராக் குழு ஒன்றின் கீபோர்டு கலைஞர் என மூன்று உலகங்களின் கைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக இந்த ஆல்பத்தில் பட்டிருக்கின்றன. கலப்பு என்பது இங்கே ஒரு விளம்பரச் சொல் அன்று, வேலை நடந்த முறை.

கேட்டால் என்ன கேட்கிறது

ஆல்பத்தில் 13 பாடல்கள். தலைப்புப் பாடல் ஜார்ஜியாவின் மேக்கன் நகரத்து வீடொன்றின் சமையலறையில் தொடங்குகிறது. வானொலியில் கன்ட்ரிப் பாடகி லொரெட்டா லின்னின் குரல். காப்பி, முட்டை, பன்றி இறைச்சி வறுபடும் வாசனை. வெளியே சரளைக்கல்லில் சக்கரங்கள் உருளும் சத்தம். பெரியவர்கள் குழந்தையைக் கிளம்பச் சொல்கிறார்கள், ஏன் என்று யாரும் சொல்வதில்லை. அடுத்து, தந்திக்கம்பங்களும் மரங்களும் பின்னோக்கி ஓடும் கார் சன்னல். பின்னிருக்கையில் நான்கைந்து வயதுக் குழந்தை. முகத்தில் புழுதியும் கண்ணீரும். சோகம் என்ற சொல் எங்கும் இல்லை. நாஷ்வில்லின் ப்ளூபேர்ட் கஃபேயில் இந்தப் பாடலைக் கேட்ட தந்தை, மகளிடம் வந்து மன்னிப்புக் கேட்டார். அந்தக் குழந்தை தாமே என்பது அதுவரை லூசிண்டாவுக்கே தோன்றியிருக்கவில்லை.

இப்பாடலின் பொருள் முழுக்கக் கன்ட்ரி: வீடு, சாலை, வானொலி, பிரிவு. ஆனால் அடியில் ஓடும் டிரம்மும் மின் கிட்டாரும் ராக் குழுவின் திடத்தோடு நடக்கின்றன. 'ஜாய்' பாடலில் இது இன்னும் வெளிப்படை. ஒரே கிட்டார்த் துணுக்கு திரும்பத் திரும்பச் சுழல, தன் மகிழ்ச்சியை ஒருவன் பறித்துக்கொண்டான், அதைத் தேடி வெஸ்ட் மெம்ஃபிஸுக்கும் ஸ்லைடெல்லுக்கும் போகிறேன் என்று சொல்லும் அந்தப் பாட்டு, புளூஸின் எலும்பின்மீது போர்த்திய ராக். 'க்ரீன்வில்' பாடலில் கன்ட்ரிப் பாடகி எம்மிலூ ஹாரிஸின் துணைக்குரல் கேட்டதும் நாம் நேராகக் கன்ட்ரியின் கூடத்துக்குள் நுழைந்துவிடுகிறோம். 'டிரங்கன் ஏஞ்சல்', 1989-இல் ஆஸ்டினில் சுட்டுக்கொல்லப்பட்ட ப்ளேஸ் ஃபோலி என்ற பாடகருக்கான இரங்கற்பா. கடைசிப் பாடலான 'ஜாக்சன்', லஃபயட், பேட்டன் ரூஜ், விக்ஸ்பர்க் என்று ஒவ்வொரு ஊராகக் கடந்து போகும் ஒருத்தி, அங்கே போய்ச் சேர்ந்தால் உன்னை அவ்வளவாக நினைக்கமாட்டேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது. ஊர் மாறமாற அந்தப் பேச்சின் உறுதி குறைவதைக் குரலிலேயே கேட்கலாம்.

இவற்றை ஒன்றாகக் கட்டுவது கருவி அல்ல, நிலம். பாடல்களில் வரும் ஊர்களை வரைபடத்தில் புள்ளிகளாக வைத்தால், லூசியானாவிலிருந்து மிசிசிப்பி வழியாக ஜார்ஜியா வரை ஒரு பாதை விரியும். அந்தப் பாதையில் புளூஸும் கன்ட்ரியும் எந்நாளும் பக்கத்துப் பக்கத்து வீடுகளில்தான் குடியிருந்தன.

ஒரே ஆண்டில் மூன்று தீர்ப்புகள்

வெளிவந்தபின் நடந்தவை இவை.

1. அமெரிக்க இசை விமர்சகர்கள் வாக்களிக்கும் வில்லேஜ் வாய்ஸ் இதழின் 1998 கணிப்பில், எல்லா வகைகளையும் சேர்த்து இதுவே முதலிடம் பெற்றது.

2. 1999 கிராமியில் சிறந்த சமகால ஃபோக் ஆல்பம் என்ற விருது கிடைத்தது.

3. அதே கிராமியில், இதே ஆல்பத்தின் 'கான்ட் லெட் கோ' பாடலுக்காகச் சிறந்த ராக் பாடகிக்கான பரிந்துரையும் வந்தது.

ஆல்பமாக எடுத்தால் ஃபோக், அதிலிருந்து ஒரு பாடலை உருவினால் ராக். கன்ட்ரிப் பிரிவில் எதுவும் இல்லை. கன்ட்ரி வானொலியும் இதைக் கைக்கொள்ளவில்லை. ஆயினும் ஐந்து லட்சம் பிரதிகளுக்கான தங்கத்தட்டுச் சான்றை ஆல்பம் எட்டியது. 2020-இல் ரோலிங் ஸ்டோன் இதழ் புதுப்பித்த 500 சிறந்த ஆல்பங்களின் பட்டியலில் முதல் நூறுக்குள் அது இடம்பெற்றது.

இடமில்லாதவர்களுக்கு ஒரு புதிய அலமாரி

இவரைப் போல இரண்டு ஃபார்மேட்டுகளுக்கும் நடுவே நின்றவர்கள் பலர். அவர்களுக்காக கேவின் என்ற வானொலித்துறை இதழ் 1995-இல் அமெரிக்கானா என்ற பெயரில் ஒரு தரவரிசையைத் தொடங்கியது. 1999-இல் அமெரிக்கானா மியூசிக் அசோசியேஷன் உருவானது. கிராமி 2007-இல் தன் சமகால ஃபோக் பிரிவின் பெயரோடு அமெரிக்கானாவைச் சேர்த்தது. 2010-இல் அதைத் தனி விருதாக்கியது.

இதனால் நன்மை உண்டு. பெயர் கிடைத்தால் மேடையும் விழாவும் கேட்போரும் சேர்கிறார்கள். தீமையும் உண்டு. கன்ட்ரி வானொலிக்கு ஒரு வசதியான பதில் கிடைத்துவிட்டது. கரடுமுரடான குரல், கசப்பான கதை, நீளமான பாட்டு என்று எது வந்தாலும் 'இது அமெரிக்கானா' என்று சொல்லி அடுத்த வாசலைக் காட்டிவிடலாம். பணமும் பெரிய அரங்கங்களும் பழைய வாசலுக்குள்ளேயே இருந்துகொண்டன.

2025 பிரிவினை எதை மாற்றும்

இந்தப் பிரிவினைக்கான முன்மொழிவு முன்பே பலமுறை வந்ததுதான் என்று அகாடமியின் தலைவர் ஹார்வி மேசன் ஜூனியர் விளக்கினார். பியான்சேயின் வெற்றிக்கான எதிர்வினையே இது என்று நினைப்பவர்களை அந்த விளக்கம் முழுதும் அமைதிப்படுத்தவில்லை. நோக்கத்தை ஒதுக்கிவைத்து, விதி எப்படி வேலை செய்யும் என்று பார்க்கலாம்.

முதலாவது, ஆல்பத்தை எந்தப் பிரிவில் போட்டியிட வைப்பது என்று கலைஞரோ நிறுவனமோ விண்ணப்பிக்கலாம், ஆனால் இறுதி முடிவு அகாடமியின் தேர்வுக் குழுக்களுடையது. 2021-இல் கன்ட்ரிப் பாடகி கேசி மஸ்க்ரேவ்ஸ் தம் 'ஸ்டார்-கிராஸ்ட்' ஆல்பத்தைக் கன்ட்ரிக்கு அனுப்பினார். குழு அதைப் பாப் பிரிவுக்கு மாற்றியது. ஆனால் அதே ஆல்பத்தின் ஒரு பாடலைக் கன்ட்ரிப் பாடல் பிரிவில் ஏற்றுக்கொண்டது. 1999-இல் லூசிண்டாவுக்கு நடந்ததன் மறுபதிப்பு இது.

இரண்டாவது, புதிய மரபுவழிப் பிரிவின் வரையறை. தாளம், பாடும் முறை, பாடற்பொருள் ஆகியவற்றில் கன்ட்ரியின் பழைய கட்டமைப்பைப் பின்பற்ற வேண்டும் என்று அது கேட்கிறது. கருவிகளையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது: அகவுஸ்டிக் கிட்டார், ஸ்டீல் கிட்டார், பிடில், பான்ஜோ, மாண்டலின், பியானோ, மின் கிட்டார், நேரடியாக வாசிக்கப்படும் டிரம்ஸ். கூர்ந்து பார்த்தால் இந்தப் பட்டியலின் கடைசி இரண்டும் ராக் குழுவின் அடிப்படைக் கருவிகள். 1980-களில் நாஷ்வில் ஒரு பாடகியைத் திருப்பி அனுப்பக் காரணமாக இருந்த ஒலி, இப்போது மரபின் எழுத்துப்பூர்வமான அங்கமாகிவிட்டது.

மூன்றாவது, இந்த வரையறையை 'கார் வீல்ஸ்' ஆல்பத்தின்மீது வைத்துப் பார்த்தால் அதன் பெரும்பகுதி அச்சாகப் பொருந்தும். அக்கார்டியனும், டோப்ரோ என்ற உலோகக் கூம்பு வைத்த கிட்டாரும் பட்டியலில் இல்லை. ஆனால் அக்கார்டியன் லூசியானாவின் வீட்டுக்கருவி; டோப்ரோ கன்ட்ரியில் தலைமுறை தலைமுறையாக ஒலிப்பது. 'ஜாய்' பாடலின் சுழலும் துணுக்கை மட்டும் தேர்வுக் குழு கொஞ்சம் நேரம் விவாதிக்க வேண்டியிருக்கும்.

இன்று அந்த ஆல்பம் புதிதாக வந்தால், அதன் நிறுவனத்தின் முன் ஐந்து கட்டங்கள் இருக்கும்: ஃபோக், அமெரிக்கானா, ராக், மரபுவழி கன்ட்ரி, சமகால கன்ட்ரி. விண்ணப்பத்தில் நிரப்ப முடிந்தது அவற்றில் ஒன்றுதான்.